திடீர் நோயும் திடீர் செலவும்: முதன்முறை ஆஸ்பத்திரியில் நிற்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்பத்திரிச் செலவு டிஸ்சார்ஜ் அன்று கையில் வரும் பில்லில் முடிவாவதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வகை அறை, எந்த ஸ்கேன், ஐசியுவில் எத்தனை நாள், எந்த அறுவைச் சிகிச்சை எப்போது என்று முதல் இரண்டு மூன்று நாளில் எடுக்கும் முடிவுகளிலேயே பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. குடும்பத்தில் யாருக்கும் யோசிக்கத் தெம்பில்லாத நாட்களும் அவைதான். அதனால் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது மருந்து தெரிந்து வைத்திருப்பதற்குச் சமம். இதுவரை ஆஸ்பத்திரிப் பொறுப்பு எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாத ஒருவர், நாளைக்கே அப்படி ஒரு நிலை வந்தால் எடுத்துப் பார்க்கும்படி இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் கைப்பணமாக மருத்துவத்துக்குக் கொடுத்தால் அதைப் பெரும் சுமை என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் கணக்கிட்டு வந்திருக்கின்றன. 25 சதவீதம் அதற்கடுத்த எல்லை. எதிர்பாராத ஒரு அறுவைச் சிகிச்சை இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் தாண்டிவிடும். நன்றாகச் சம்பாதிக்கும் குடும்பங்களும் இதில் தடுமாறுகின்றன. ஆகவே பணத்தைப் பற்றிப் பேசுவதை வெட்கமாக நினைக்க வேண்டாம். நோயாளிமீது அன்பில்லாதவர்தான் செலவைப் பற்றிக் கேட்பார் என்ற எண்ணத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் படி: இது நிமிடக் கணக்கா, நாள் கணக்கா, வாரக் கணக்கா?

எல்லா நோய்க்கும் ஒரே அவசரம் கிடையாது. முதலில் இதைப் பிரித்துக்கொண்டால் மற்றவை ஓரளவு தானாக ஒழுங்குக்கு வரும்.

நிமிடக் கணக்கில் வருபவை சில. முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் செலுத்தி அடைப்பை வெளியே எடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவுகிறது. டாக்டர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பதுதான். கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தை எழுதிவிடுங்கள். விழுங்கச் சிரமம் இருக்கலாம் என்பதால் வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, நினைவு தப்புவது, வலிப்பு அடங்காமல் தொடர்வது ஆகியவையும் இதே வகைதான். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவோ அசதியாகவோ குமட்டலாகவோ மாரடைப்பு வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த நிலைகளில் செலவை ஒப்பிட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அழைப்பை எடுப்பவரிடமே, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கான வசதி இப்போது இருக்கிறது என்று கேளுங்கள். சிடி ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் பக்கவாத நோயாளியைக் கொண்டுபோய், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பினால், பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த ஒரு மணி நேரம்தான்.

நாள் கணக்கில் வருபவை எலும்பு முறிவு, கட்டுப்பாட்டில் உள்ள தொற்று, காரணம் தெரிந்து நோயாளி நிலையாக இருக்கும் வயிற்றுப் பிரச்சினை போன்றவை. இங்கே சில மணி நேரம் விசாரிக்க இடமுண்டு.

வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்று ஒரு பெரிய வகை உண்டு. தற்செயலாக ஸ்கேனில் தெரிந்த, வலி எதுவும் தராத பித்தப்பைக் கல், தொந்தரவில்லாத குடலிறக்கம், மூட்டு மாற்றம் எல்லாம் இதில் அடங்கும். வலியே தராத பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதே இல்லை. ஆனால் ‘இப்போதே செய்துவிடலாமே’ என்ற ஒரு வார்த்தையில் வாரக் கணக்கு விஷயம் நிமிடக் கணக்காக மாறிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “ஒரு வாரம் கழித்துச் செய்தால் என்ன ஆகும், டாக்டர்?” உண்மையான அவசரம் என்றால் அவர் காரணத்தோடு சொல்லிவிடுவார். அந்தக் காரணம் கேட்கிற உங்களுக்கும் புரியும்.

இரண்டாம் படி: இரண்டு பேர், ஒரு நோட்டு

குடும்பத்தில் ஒருவரே டாக்டரிடமும் பேசி, பணத்துக்கும் ஓடி, இரவில் நோயாளிக்குப் பக்கத்திலும் படுத்தால் மூன்றாம் நாளே எந்த முடிவும் எடுக்க முடியாமல் போய்விடுவார். சிகிச்சையைக் கவனிக்க ஒருவர், பணத்தையும் காகிதங்களையும் கவனிக்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். சிகிச்சையைக் கவனிப்பவரின் மனதில் பணப் பயம் புகுந்தால் கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். பணத்தைக் கவனிப்பவர் ஐசியு கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாது. இரண்டாவது ஆள் வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை. இன்சூரன்ஸ் அழைப்புகளையும் கணக்கையும் போனிலேயே பார்க்கலாம். யாருமே இல்லாதவர்கள் ஒரு நண்பரையோ பக்கத்து வீட்டாரையோ தயங்காமல் கேளுங்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று விசாரிப்பவர்கள் பலர். ‘இந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறாயா’ என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

ஒரு நோட்டு வாங்குங்கள். முன்பக்கத்திலிருந்து சிகிச்சை: தேதி, நேரம், எந்த டாக்டர் வந்தார், என்ன சொன்னார், எந்த மருந்து மாறியது, எந்தப் பரிசோதனை எடுத்தார்கள். பின்பக்கத்திலிருந்து பணம்: எப்போது, எவ்வளவு, எதற்கு, ரசீது எண். பின்னால் பில்லைச் சரிபார்க்கவும், இன்சூரன்சில் கிளெய்ம் மறுத்தால் வாதாடவும், வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும். எல்லா ரசீதையும் அன்றன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். பில் கவுண்டரில் தரும் வழுவழுப்பான தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

மூன்றாம் படி: சேர்க்கும்போது

முன்பணம் கட்டும் முன்பு கேட்க வேண்டியவை அதிகமில்லை. உத்தேசச் செலவை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். அதில் என்னென்ன அடங்கும், எவை அடங்காது என்பதை விசாரியுங்கள். மருந்து, அறுவையில் பொருத்தும் கருவிகள், ரத்தம், மயக்க மருந்து டாக்டரின் கட்டணம், வெளியிலிருந்து வரும் நிபுணரின் கட்டணம் ஆகியவை பல இடங்களில் தனியாக வரும். ‘பேக்கேஜ்’ என்று சொன்னால் எத்தனை நாளுக்கு, அதற்கு மேல் இருக்க நேர்ந்தால் என்ன கணக்கு என்று கேளுங்கள்.

அறை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் அறையின் தரம் உயர உயர, அறை வாடகை மட்டுமல்லாமல் டாக்டர் பார்க்கும் கட்டணம், அறுவைக் கட்டணம், சில பரிசோதனைகள் எல்லாமே சேர்ந்து உயரும். சிகிச்சை ஒன்றேதான். தொற்றுக்காகத் தனியறை தேவை என்று டாக்டர் சொன்னாலொழிய, பொது வார்டில் படுப்பதால் நோயாளி குணமாவதில் பொதுவாக வித்தியாசம் வராது. உறவினர்கள் வந்து பார்ப்பார்களே என்பதற்காக எடுக்கும் தனியறைக்குக் குடும்பம் வருஷக் கணக்கில் வட்டி கட்டுகிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் நோயாளியின் பெயர், செய்யப்போகும் சிகிச்சையின் பெயர், இடதா வலதா என்பது மூன்றையும் சத்தமாக வாசித்துச் சரிபாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை அரங்குகளுக்காக வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின் தொடக்கத்திலேயே ஆளையும் இடத்தையும் உறுதிசெய்வது இருக்கிறது. அந்தச் சரிபார்ப்பில் நீங்களும் ஒரு கண்ணாக இருப்பதில் தவறில்லை. வெற்றுத் தாளில், நிரப்பாத படிவத்தில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்காம் படி: டாக்டரிடம் பேசுவது

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். டாக்டர் சுற்று வரும் நேரத்தை நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன்பே நோட்டில் கேள்விகளை எழுதி வையுங்கள். அவர் நிற்கப்போவது சில நிமிடம்தான்.

முக்கியமான கேள்விகள் நான்கு. என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதியாக? இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, ஆபத்து என்ன? எதுவும் செய்யாமல் பார்த்தால் என்ன ஆகும்?

பரிசோதனை என்றால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “இதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் அந்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேவையில்லாத பரிசோதனைகளைப் பற்றி நோயாளிகளும் டாக்டர்களும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று அமெரிக்காவில் 2012இல் டாக்டர்களே ‘சூசிங் வைஸ்லி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு உடனே எம்ஆர்ஐ தேவையில்லை என்பது அவர்கள் அடிக்கடி சொன்ன உதாரணம். பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தானாகக் குறைகிறது. ஆனால் கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது போன்ற அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஒரே நோய்க்கு ஒருவருக்குத் தேவையில்லாத ஸ்கேன் இன்னொருவருக்கு உயிர் காக்கும். ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாரடைப்பு நடந்துகொண்டிருப்பவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும் சிகிச்சை, அங்கே தயக்கமே கூடாது. ஆனால் மாடி ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுகுகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, மாதக் கணக்கில் அப்படியே இருக்கிறது என்ற நிலையான நோயாளிக்கு நிலைமை வேறு. 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்விலும், 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்விலும் இத்தகைய நோயாளிகளுக்கு மருந்துகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் வழியையும் சேர்த்து முதலிலேயே எடுத்தது, மருந்துகளோடு மட்டும் தொடங்கியதைவிட மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. நெஞ்சுவலியைக் குறைக்க அது உதவியது. இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு, இதயம் மிகவும் பலவீனமாக இருப்பது போன்ற நிலைகளுக்கு இந்த முடிவு பொருந்தாது. அதனால் ‘அடைப்பு இருக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்கிவிடாமல், “இது மாரடைப்பா, நிலையான அடைப்பா?” என்று கேளுங்கள்.

நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் வரும் சிகிச்சைகளுக்கு இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது நல்ல வழக்கம். அந்தச் சிகிச்சையைச் செய்யப்போகாத வேறு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த, அந்த அறுவையால் வருமானம் பெறாத டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது. எல்லா அறிக்கைகளின் நகலையும், ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

செலவையும் டாக்டரிடமே சொல்லுங்கள். “டாக்டர், எங்களால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் செய்யக்கூடிய நல்ல வழி எது?” இதைக் கேட்டவுடன் விலை குறைந்த அதே மருந்து, வெளி ஆய்வகத்தில் எடுக்கக்கூடிய பரிசோதனை, வீட்டிலேயே போடக்கூடிய ஊசி என்று வழிகள் திறப்பதுண்டு. பில் கவுண்டரில் இருப்பவரால் பில்லில் தள்ளுபடிதான் தர முடியும். சிகிச்சையை மாற்ற டாக்டரால் மட்டும்தான் முடியும்.

ஐந்தாம் படி: இன்சூரன்ஸ்

பாலிசி இருந்தால், சேர்த்த அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவசரச் சேர்க்கைக்கும் தகவல் சொல்ல வேண்டிய கெடு உண்டு. அது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும், பல சமயம் ஒரு நாள்தான். யாரிடம் பேசினீர்கள், அழைப்பின் எண் என்ன என்று நோட்டில் எழுதுங்கள்.

பிறகு பாலிசித் தாளில் சில இடங்களைத் தேடுங்கள்: நோய்க்கான காத்திருப்புக் காலம், நீங்கள் உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய சதவீதம், ஒரு எல்லைவரை நீங்களே கட்டிய பிறகுதான் அவர்கள் தொடங்குவார்கள் என்ற நிபந்தனை, அறை வாடகை வரம்பு, குறிப்பிட்ட அறுவைகளுக்கான உச்சவரம்பு. சில திட்டங்களில் அறை வாடகை வரம்பைத் தாண்டினால் கூடுதல் வாடகையை மட்டும் கழிக்க மாட்டார்கள், பில்லின் மற்ற இனங்களையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைப் பார்ப்பது அதற்காகத்தான்.

பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதிக்கு முன் அனுமதி வந்துவிட்டது என்றால் முழுத் தொகைக்கும் அனுமதி வந்துவிட்டதாக அர்த்தமில்லை. எவ்வளவுக்கு வந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுப்புக் கடிதம் வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு சோதனை அறிக்கையோ, டாக்டரின் விளக்கக் கடிதமோ சேர்த்தாலே தீரக்கூடிய மறுப்புகள் உண்டு. நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு, அதற்கு மேல் அரசின் கண்காணிப்பு அமைப்பு என்று படிகள் பெரும்பாலான நாடுகளில் இருக்கின்றன. பாலிசி எடுக்கும்போது பழைய நோய்களை மறைத்திருந்தால் வாதாடுவது கடினமாகிவிடும்.

ஆறாம் படி: ஐசியு நீளும்போது

செலவும் மனமும் ஒருசேர உடையும் இடம் இது. தினமும் ஒரு நேரத்தில், ஒரே டாக்டர், குடும்பத்தில் ஒரே ஆளிடம் பேச வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கேட்க வேண்டியவை: நேற்றைவிட இன்று எப்படி? இந்தச் சிகிச்சையால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அது நடக்கிறதா என்று எப்போது தெரியும்?

நிலைமை மோசமாக, முடிவு தெரியாமல் இருக்கும்போது, ‘மூன்று நாளோ ஐந்து நாளோ முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்போம், அதற்குள் இந்த இந்த முன்னேற்றம் வர வேண்டும், வராவிட்டால் உட்கார்ந்து பேசுவோம்’ என்று காலம் வைத்துச் சிகிச்சை செய்யும் முறை ஐசியு மருத்துவத்தில் உண்டு. நீங்களே அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் யாரும் எதையும் முடிவெடுக்காமலே வாரங்கள் ஓடும்.

வயதானவர்கள் ஐசியுவில் ஆளைத் தெரியாமல் பிதற்றுவது, குழாய்களைப் பிடுங்குவது சகஜம். மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் நோயாலும் மருந்தாலும் தூக்கமின்மையாலும் வரும் தற்காலிகக் குழப்பம் அது. அவருடைய கண்ணாடி, காது கேட்கும் கருவி இரண்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பழகிய குரலில் இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் உண்மையில் உதவும்.

குணமாகும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னால், வலி தணிப்பு மருத்துவக் குழுவைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்து வளர்ந்த துறை இது. கைவிடுவதற்கு இன்னொரு பெயர் என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் கடைசி நாட்களில் தீவிரச் சிகிச்சைகள் குறைவாகப் பெற்றும், நடுநிலைக் கணக்கில் (பாதிப் பேர் அதைவிட அதிகமாகவும் பாதிப் பேர் குறைவாகவும் வாழ்ந்த அளவு) 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். வலியில்லாமல், குடும்பத்தோடு பேசும் நிலையில் இருப்பதும் சிகிச்சைதான். இருக்கும் நிலத்தையெல்லாம் விற்று ஐசியுவில் வைத்திருப்பதுதான் பாசம் என்று உங்களை யாராவது குத்திக் காட்டினால், அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நோயாளி தானே பேச முடிந்திருந்தால் எதைக் கேட்டிருப்பார் என்பதை மட்டும் நினையுங்கள்.

ஏழாம் படி: பணம் திரட்டுவது

முதலில் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இப்படி ஒருவர் இருப்பார். நாமாகத் தேடிப் போக வேண்டும். லண்டனின் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்பவரை நியமித்ததில் தொடங்கிய வேலை இது. பணம் கட்ட முடிந்தவர் யார் என்று பார்ப்பதுதான் அன்று அவருக்குக் கொடுத்த பொறுப்பு. காலப்போக்கில் அந்த வேலை நோயாளியின் பக்கம் நிற்கும் வேலையாக வளர்ந்தது. அரசுத் திட்டங்கள், அறக்கட்டளைகள், ஆஸ்பத்திரியின் சொந்த உதவி நிதி, தவணை ஏற்பாடு எல்லாவற்றுக்கும் யாரை, எந்தப் படிவத்தோடு பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.

கடன் என்று வந்தால் வரிசை முக்கியம். வேலை செய்யும் இடத்தில் முன்பணம், வட்டியில்லாமல் தரக்கூடிய உறவு, ஆஸ்பத்திரியோடு தவணை, வங்கிக் கடன் என்று போங்கள். கிரெடிட் கார்டு நிலுவை, நிமிடத்தில் பணம் தரும் கடன் செயலிகள், கந்துவட்டி மூன்றும் கடைசியில்கூட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நோய் குணமான பிறகும் அவை வீட்டை விட்டுப் போவதில்லை. தொழிலுக்கு ஆதாரமான சொத்தை, சம்பாதித்துக் கொடுக்கும் வண்டியையோ கருவியையோ விற்பதையும் கூடுமானவரை தள்ளிப்போடுங்கள்.

இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்பதாக இருந்தால் நோயின் பெயர், ஆஸ்பத்திரி கொடுத்த உத்தேசச் செலவு, இதுவரை கட்டியது, இன்னும் தேவைப்படுவது என நான்கையும் சுருக்கமாக எழுதுங்கள். தளம் எவ்வளவு கழித்துக்கொள்ளும் என்று முன்பே பாருங்கள். நோயாளி நினைவோடு இருந்தால் அவரிடம் கேட்காமல் அவருடைய படத்தைப் போடாதீர்கள்.

எட்டாம் படி: வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது

செலவு தாங்காது என்று தெரிந்தால், பணம் முழுவதும் தீர்ந்த பிறகு மாற்றாதீர்கள், கையில் கொஞ்சம் இருக்கும்போதே மாற்றுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்கோ செலவு குறைந்த இடத்துக்கோ மாற்றலாமா என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டு, பயணத்தைத் தாங்கும் நிலையில் நோயாளி இருக்கிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். போகும் இடத்தில் படுக்கை இருக்கிறது என்று பெயர் சொல்லி ஒருவர் உறுதி செய்யும்வரை ஆம்புலன்சில் ஏற்றாதீர்கள். இதுவரையிலான சிகிச்சைச் சுருக்கம், மருந்துப் பட்டியல், கடைசியாக எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள், ஸ்கேன் படங்கள் அனைத்தும் கூடவே போக வேண்டும். ‘டாக்டர் ஆலோசனைக்கு எதிராக’ என்ற தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், பணமில்லாததால் கேட்கிறோம் என்று முதலில் சொல்லி, முறையான இடமாற்றமாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கையெழுத்து பின்னால் இன்சூரன்சிலும், தொடர் சிகிச்சையிலும் தலைவலியாகக் கூடும்.

ஒன்பதாம் படி: டிஸ்சார்ஜும் பில்லும்

மொத்தத் தொகை மட்டும் போட்ட தாளை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இனவாரியாகப் பிரித்த பில் கேளுங்கள், அதுவும் முந்தின நாளே இடைக்கால பில்லாகக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் அவசரத்தில் யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரே பரிசோதனை இருமுறை வந்திருக்கிறதா, எழுதிக் கொடுத்து ரத்து செய்த ஸ்கேன் இருக்கிறதா, திருப்பிக் கொடுத்த மருந்தைக் கழித்தார்களா, ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாறிய நாளுக்கு இரண்டு இடத்துக்கும் வாடகை போட்டிருக்கிறார்களா, வராத நிபுணரின் பெயர் இருக்கிறதா. தவறு கண்டால் சத்தம் போட வேண்டாம். ‘இந்த இனத்தை எனக்கு விளக்குங்கள்’ என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலானவை பதிவில் நேர்ந்த பிழைகள், கேட்டால் திருத்துவார்கள். பிழையே இல்லாவிட்டாலும், இவ்வளவை இப்போதே கட்டினால் குறைக்க முடியுமா என்று கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் பெயர், செய்த சிகிச்சை, தொடர வேண்டிய மருந்து, நிறுத்த வேண்டிய பழைய மருந்து, மறுபடி எப்போது வர வேண்டும், என்ன அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுத்த வேண்டிய பழைய மருந்தைப் பற்றிய குறிப்புதான் அடிக்கடி விடுபடும். முன்பு சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரையும் புதிதாக எழுதியதும் ஒரே மருந்தின் இரண்டு பெயர்களாக இருந்து, இரண்டையும் சேர்த்து விழுங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

பத்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கணக்குப் போட்டவர்கள் இரண்டாம் மாதம் திணறுவார்கள். மாதாந்திர மருந்து, பிசியோதெரபி, மறுபரிசோதனைக்கான பயணம், வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவரின் வருமானம் எல்லாமே செலவுதான். மருந்தின் வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஜெனரிக் மருந்தில் அதே மூலப்பொருள் அதே அளவில் இருக்கிறது. முறையாக அனுமதி பெற்றது என்றால் பெரும்பாலான நோய்களுக்குத் தாராளமாக வாங்கலாம். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு மருந்து போன்றவற்றில் மட்டும் சிறு வித்தியாசமும் உடலில் தெரியக்கூடும் என்பதால், டாக்டரிடம் சொல்லாமல் தயாரிப்பை மாற்றாதீர்கள். பணத்தை மிச்சப்படுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதை மட்டும் செய்யவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்பு வரலாம்.

பார்த்துக்கொள்பவர் தூங்க வேண்டும். வாரத்தில் ஒரு இரவாவது இன்னொருவர் பொறுப்பேற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னும் எதுவும் நடக்காத வீடுகளுக்கு

ஒரு தாளில் வீட்டில் ஒவ்வொருவரின் பெயர், வயது, இருக்கும் நோய்கள், தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, முன்பு செய்த அறுவை, பாலிசி எண், பார்க்கும் டாக்டர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இருவரின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் படம் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும். போன் பூட்டியிருந்தாலும் திரையில் தெரியும் அவசரத் தகவல் பகுதியை நிரப்பி வையுங்கள். பாலிசித் தாளை எடுத்து, மேலே சொன்ன ஐந்து இடங்களிலும் பென்சிலால் கோடு போடுங்கள். தனியாக ஒரு கணக்கில், தொட மனம் வராத இடத்தில், மாதா மாதம் முடிந்ததைப் போட்டு வாருங்கள். முன்பணம் கட்டும் அளவுக்கு அது வளர்ந்தாலே, முதல் இரவில் கந்துவட்டிக்காரரைத் தேட வேண்டியிருக்காது. வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நிதானமான மாலையில், தன்னால் பேச முடியாத நிலை வந்தால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் கையெழுத்தோடு அந்தத் தாளுக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.